காய்ச்சல் காலத்தில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதா, வீட்டில் மறிப்பதா?

இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டுக்கு இரண்டு தடவை தலைதூக்கும். மே முதல் ஜூலை வரை ஒன்று. நவம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை இழுபடுவது மற்றொன்று. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் முதலாவது கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் வருகிறது. கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு நடப்பதும், குளிர்த்திக்கு ஊர் முழுவதும் ஓரிடத்தில் கூடுவதும் அதே நாட்களில்தான். இரண்டாவது மாரியோடு வருகிறது. சாரல் அடிக்கிறதென்று யன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, ஒரே அறைக்குள் எல்லோரும் நெருங்கிப் படுக்கிற காலம் அது. தண்ணீர் தேங்கத் தேங்க நுளம்பு பெருகி, டெங்கும் அதே வாசலில் வந்து நிற்கும்.

இந்தக் கடைசி விஷயம்தான் நமது கணக்கை வேறாக்குகிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் ஒரு பிள்ளைக்கு இருமலோடு காய்ச்சல் வந்தால், புளூவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு நான்கு நாள் படுக்கையில் விட்டுவிடலாம். படுவான்கரையிலோ கல்முனையிலோ அப்படி விட முடியாது. டெங்கு இருக்கிறது, வயல் பக்கம் எலிக்காய்ச்சல் இருக்கிறது. ஆகவே நாம் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் புளூவுக்கும் பொருந்த வேண்டும், அது புளூ அல்லாமல் போனாலும் ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும். இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் கீழே உள்ள தெரிவுகளை எடை போடுகிறேன். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வகுப்பறைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பிள்ளையைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் வைத்தியர்தான்.

முதல் தெரிவு: அனுப்புவதா, மறிப்பதா

காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பும் பெற்றோரைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுவது எளிது. அவர்களிடம் கேட்டுப் பார்த்தால் காரணங்கள் நியாயமாகவே இருக்கும். பாடம் தவறிப்போகும், வரவு குறையும், வீட்டில் பார்க்க ஆளில்லை. மூன்றாவதுதான் உண்மையான காரணம், முதல் இரண்டும் அதற்கு முன்னால் சொல்லப்படுபவை என்பது என் எண்ணம்.

இப்படி வரும் பிள்ளையை எந்த ஆசிரியருக்கும் அடையாளம் தெரியும். காலை ஆறரைக்கு அரை பனடோல் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஏழரைக்கு முகம் கழுவி, பொட்டு வைத்து, மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருக்கும். முதல் இரண்டு பாடவேளையும் நல்லபடியாகப் போகும். பரசிட்டமோல் நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்யும். இடைவேளை மணி அடிக்கும் நேரத்துக்குக் கண் சிவந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே தலையை மேசையில் சாய்த்துவிடும். அதற்குள் பக்கத்திலிருந்தவரின் தண்ணீர்ப் போத்தலில் குடித்திருக்கும், ஒரே அழிரப்பரை மூன்று பேர் பயன்படுத்தியிருப்பார்கள். இருமலும் தும்மலும் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

வைரஸின் போக்கு இதுதான்: தொற்றி ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். தொடங்குவதற்கு முதல் நாளே பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடும். பின்னர் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பும். சிறு பிள்ளைகளில் அது இன்னும் நீளலாம். அதிகம் பரவுவது முதல் மூன்று நான்கு நாட்களில். ஆகவே மறிக்க வேண்டிய நாட்கள் அவையே. திருப்பி அனுப்புவதற்கு உலகெங்கும் சொல்லப்படும் அளவு ஒன்று உண்டு: பனடோல் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ‘கொடுக்காமலே’ என்பதில் சமரசம் கூடாது. மருந்தால் இறங்கிய சூட்டைக் குணமென்று எடுத்துக்கொண்டால் காலை ஆறரைக் கதைதான் திரும்பவும் நடக்கும்.

மறிப்பதால் எல்லாம் நின்றுவிடுமா? நிற்காது. காய்ச்சல் தெரிவதற்கு முதல் நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்திருக்கும். இருந்தாலும் ஒரு பிள்ளை வைரஸ் மிகக் கூடுதலாக வெளியேறும் நாட்களில் வாங்கில் இல்லாமல் போவது சிறிய வித்தியாசம் அல்ல.

இங்கே டெங்குக் கணக்கையும் சேருங்கள். காய்ச்சலோடு எந்த வைத்தியரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது, “எத்தனையாவது நாள்?” என்பதுதான். மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்து வெண்குருதிக் கலங்கள், குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அதற்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும் வேளையில் வருகிறது. பனடோலுடன் பாடசாலைக்கு வந்து போன பிள்ளைக்குக் காய்ச்சல் திங்களா, செவ்வாயா தொடங்கியது என்று தாய்க்கே திடமாகச் சொல்ல முடியாது. வீட்டில் கிடந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெளிவாக இருக்கும். மறிப்பதன் பக்கம் நான் உறுதியாக நிற்பதற்கு இதுவே பெரிய காரணம். ஒரே முடிவு வகுப்பையும் காக்கிறது, நோய் வேறாக இருந்தால் பிள்ளையையும் காக்கிறது.

வரவு பற்றிய பயத்துக்கு ஒரு பதில். உயர்தரப் பரீட்சைக்கு 80 சதவீத வரவு வேண்டும் என்ற விதி மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. அதிலும் ஒரு காய்ச்சலுக்கான நான்கு ஐந்து நாள் லீவு அந்த எல்லையைத் தொடுவதில்லை. தரம் இரண்டில் படிக்கும் பிள்ளையின் வரவைக் காக்கக் காய்ச்சலோடு அனுப்புவதில் எந்தக் கணக்கும் இல்லை. கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப எந்த வகுப்பாசிரியரும் மறுக்க மாட்டார்.

முகக்கவசம் போட்டு அனுப்பிவிடுவது என்ற நடுவழியையும் சிலர் கையாள்கிறார்கள். காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு இது சரிவராது; இடைவேளையில் சாப்பிட எல்லோரும் கழற்றித்தான் ஆக வேண்டும். அதே முகக்கவசம், காய்ச்சல் விட்டு இருமல் மட்டும் மிஞ்சியிருக்கும் பிள்ளை திரும்பி வரும் கிழமையில் நன்றாகப் பயன்படும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது.

இன்னொன்று. காலையில் பாடசாலைக்கு மறித்த பிள்ளையை மாலையில் டியூஷனுக்கு அனுப்பும் வீடுகள் நம்மிடையே ஏராளம். தகரக் கூரைக்குக் கீழே, முழங்கை முட்ட, வகுப்பறையைவிட இரு மடங்கு பேர் உட்காரும் இடம் அது. பழைய பாடசாலைக் கட்டடங்களில் அரைச்சுவர்தான், காற்றாவது ஓடும். பாடசாலை வான் இன்னும் மோசம். கச்சான் புழுதிக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் பையும் பைக்கு மேல் தம்பியுமாக அரை மணி நேரம். சாரதியிடம் சொல்லி இரண்டு பக்கமும் ஒரு சாணாவது கண்ணாடியை இறக்கி வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது: வீட்டில் யார் பார்ப்பது

பெரும்பாலான ஆலோசனைகள் ‘பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. யாருடன் என்பதை அவை சொல்வதில்லை. மட்டக்களப்பு வழக்கப்படி வீடு மகளுக்குப் போகிறது. கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டுக்கு வருகிறார். தாயும் தகப்பனும் அதே வளவில், பலவேளை அதே கூரையின் கீழ் இருக்கிறார்கள். எனவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றவுடன் கை தானாக அம்மம்மாவைத்தான் காட்டும். ஆனால் அந்த வீட்டில் புளூவால் மிக மோசமாகப் பாதிக்கப்படக் கூடியவரும் அவர்தான். 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், இருதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் ஆகியோரில் இது நிமோனியாவரை போகலாம்.

ஆகவே, முடிந்தால் முதல் இரண்டு மூன்று நாள் தாயோ தகப்பனோ பார்ப்பதே நல்லது. தகப்பன் என்பதை நினைக்காமலே விட்டுவிடுகிறோம். இரவில் வலைக்குப் போகும் தகப்பன் பகலில் வீட்டில்தான் இருக்கிறார். வயல் வேலை விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையே இடைவெளி விடுகிறது. தாய் ஆடைத் தொழிற்சாலையில் நாட்சம்பளத்தை இழப்பதற்கு முன் அவரிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

தாய் வெளிநாட்டில், தகப்பன் தூரத்தில், பிள்ளைக்கு எல்லாமே அம்மம்மா என்ற வீடுகளும் இந்த இரண்டு மாவட்டங்களிலும் குறைவில்லை. அங்கே தெரிவு என்று எதுவும் இல்லை. பாதுகாப்பைத்தான் கூட்ட வேண்டும். பிள்ளை மருந்து குடிக்கும்போதும் முகம் துடைக்கும்போதும் அம்மம்மா முகக்கவசம் போடலாம். பிள்ளையைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவலாம். ஒரே செம்பு, ஒரே துவாய் வேண்டாம். இரவில் படுக்கை மட்டுமாவது தள்ளி இருக்கட்டும்.

இதைச் சொன்னால், “பேரப்பிள்ளையைத் தள்ளி வைக்கச் சொல்கிறீர்களா?” என்று கோபப்படும் மூதாட்டிகள் உண்டு. ஆனால் அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் வாசலுக்கு வேப்பிலை கட்டி, வருவோர் போவோரை மறித்து, நோயாளிக்குத் தனிப்பாய் போட்டு வளர்ந்தவர்கள் அவர்களே. ஒதுக்கி வைப்பது அன்புக் குறைவு என்று அன்றைக்கு யாரும் நினைத்ததில்லை. அந்த ஒழுங்கில் பாதியைக் காய்ச்சலுக்கும் கடைப்பிடித்தாலே போதும்.

தனி அறையா, திறந்த யன்னலா என்று கேட்டால், இரண்டறை வீட்டில் தனி அறை என்பது பேச்சுக்குத்தான். காற்றோட்டமுள்ள விறாந்தைப் பக்கம் பிள்ளையின் பாயைப் போடுங்கள். மழை இல்லாத நேரமெல்லாம் யன்னல் திறந்திருக்கட்டும். மின்விசிறியைப் பிள்ளையின் பக்கமிருந்து மற்றவர்கள் மீது வீசும்படி வைக்க வேண்டாம். பகலிலும் நுளம்பு வலை கட்டுங்கள். ஒருவேளை அது டெங்காக இருந்தால், அந்தப் பிள்ளையைக் கடித்த நுளம்பு அடுத்தவருக்குக் கொண்டுபோவதை வலை தடுக்கும். புளூவென்றால் வலையால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

மூன்றாவது: பாமசியா, தனியார் வைத்தியரா, ஆஸ்பத்திரியா

முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு ஓடத் தேவையில்லாத பிள்ளைகள்தான் அதிகம். நன்றாகக் குடிக்கிறது, காய்ச்சல் இறங்கியிருக்கும் நேரத்தில் விளையாடக் கேட்கிறது, மூச்சு இலகுவாக இருக்கிறது என்றால் வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் மூன்று மணி நேரம் இருமிக்கொண்டும் இருமல் வாங்கிக்கொண்டும் இருப்பதைவிட வீடு மேல். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயுள்ளவர்கள் இதற்கு விலக்கு. அவர்கள் முதல் நாளே காட்ட வேண்டும். புளூவுக்கென்று இருக்கும் ஒசெல்டமிவிர் மருந்தை, நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது நன்றாகப் பயன் தரும். யாருக்குத் தேவை என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

பாமசியில் சொல்லி வாங்குவதுதான் மூன்றிலும் ஆபத்தானது. காரணம் அங்கே கேட்கப்படும் வார்த்தை: “கெதியாகக் காய்ச்சல் விடுற மாதிரி ஒன்று தாருங்கள்.” கெதியாக விடவைக்கும் மருந்துகளான இபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்றவை டெங்கில் இரத்தக்கசிவைத் தூண்டக் கூடியவை. அஸ்பிரின் பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சலில் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழிவிடலாம். நுண்ணுயிர்க்கொல்லி வைரஸை ஒன்றும் செய்யாது. எஞ்சுவது பரசிட்டமோல் மட்டுமே. அதையும் நிறையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், வயதைப் பார்த்து அல்ல. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோப் பிள்ளைக்கு 500 மில்லிகிராம் குளிசையில் பாதி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் முற்றாக விடவில்லை என்பதற்காக இடையில் இன்னொன்று கொடுக்கக் கூடாது.

மாலை வேளையில் தனியார் வைத்தியரிடம் காட்டுவதில் நேரம் மிச்சம். ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு வேறு வைத்தியரிடம் போனால் யாரும் முழுக் கதையையும் பார்ப்பதில்லை. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் அரசாங்க வைத்தியசாலையே என் தெரிவு. பரிசோதனை இலவசம், எண்ணிக்கை குறைந்திருந்தால் அங்கேயே விடுதியில் சேர்த்துவிடுவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள் என்று கரையோரத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய தூரம் இல்லை. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்தின் உட்கிராமங்களில் இருப்போர் மட்டும் மூன்றாம் நாள் மாலைவரை காத்திராமல் காலையிலேயே புறப்படுவது நல்லது. கடைசி பஸ் போனபின் எடுக்கப்படும் முடிவுகள் நல்லவையாக இருப்பதில்லை.

எந்த நாளென்று பாராமல் புறப்பட வேண்டிய அறிகுறிகளும் உண்டு: மூச்சு வேகமாக வாங்குதல் அல்லது விலா உள்ளே இழுபடுதல், உதடு நீலம் பாரித்தல், வலிப்பு, எதையும் குடிக்காமை, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, தொடர்ந்த வாந்தி, கடும் வயிற்று வலி, எங்கிருந்தாவது இரத்தம், கை கால் குளிர்ந்து பிள்ளை சோர்ந்து கிடத்தல். காய்ச்சல் விட்டபின் பிள்ளை உற்சாகமாகாமல் இன்னும் வாடினால் அது நல்ல செய்தி அல்ல. விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்துத் திரும்பினாலும் காட்டுங்கள். ஓட்டோ தேடி அலைய வேண்டியதில்லை. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

மல்லி அவித்துக் குடிக்கலாமா? தாராளமாக. அது தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணீர். நோயை விரட்டும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இளநீர், கஞ்சி, ஜீவனி எல்லாம் நல்லவை. சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்த்தால் வாந்தியில் இரத்தம் கலந்திருக்கிறதா என்று தெரியும். ஆவி பிடிக்கிறோமென்று கொதிக்கும் பானைக்கு முன்னால் சிறு பிள்ளையைப் போர்வையால் மூடுவது எனக்குப் பயம். தடிமன் ஒரு கிழமையில் போய்விடும், கொதிநீர்க் காயம் போகாது.

நான்காவது: ஒரே ஒரு தடுப்பூசிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால்

இன்புளுவென்சாத் தடுப்பூசி நமது தேசிய தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியார் மருத்துவமனைகளில் பணம் கொடுத்துத்தான் போட வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். ஏனெனில் வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் சேர்க்கையையும் மாற்றுகிறார்கள். பொருந்தி வரும் ஆண்டுகளில் வைத்தியரிடம் போகவேண்டிய அளவு நோயை அது 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. முழுக் கவசம் அல்ல. ஆனால் நிமோனியாவுக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் எதிரே அதன் உதவி பெரிது.

ஐந்து பேருள்ள வீட்டில் எல்லோருக்கும் போட வசதியில்லாதபோது பெற்றோர் பாடசாலைப் பிள்ளையைத்தான் முதலில் நினைப்பார்கள். வீட்டுக்குள் கொண்டுவருவது பிள்ளை என்பதால் அதில் நியாயம் உண்டு. என் வரிசை வேறு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கே முதல் ஊசி. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டால் அந்தப் பாதுகாப்பு பிறக்கும் குழந்தைக்கும் சில மாதம் கிடைக்கிறது. அடுத்தது சர்க்கரை நோயுள்ள அம்மம்மா. அதற்கடுத்து ஆஸ்துமா உள்ள பிள்ளை. வேறு நோயில்லாத பத்து வயதுப் பிள்ளை கடைசி. அந்தப் பிள்ளை பெரும்பாலும் ஒரு கிழமையில் எழுந்து ஓடிவிடும். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் தடவை போடுவதென்றால் நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படும் என்பதால் செலவும் கூடும்.

ஊசி வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். வகுப்பில் பாதிப் பேர் படுத்தபின் ஓடுவதைவிட ஒக்டோபரிலேயே விசாரித்து வைப்பது உதவும். பிந்திவிட்டால் வீண் என்றும் இல்லை. அலை பெப்ரவரி வரை இழுபடுகிறதே.

கடைசியாக, பாடசாலையையே மூடிவிடுவது

ஒவ்வொரு அலையிலும் இந்தக் கோரிக்கை எழும். 2020 மார்ச்சில் மூடிய பாடசாலைகள் திறந்து சீராகும்வரை நம் பிள்ளைகள் இழந்ததைப் பார்த்த பிறகு, நான் இதை ஆதரிக்கத் தயங்குகிறேன். மூடினால் பாடசாலை உணவுத் திட்டத்தில் காலைச் சாப்பாடு பெறும் பிள்ளைக்கு அது போய்விடும். நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளைகளையும் சேர்த்து அம்மம்மாமார் பார்க்க வேண்டிவரும். பிள்ளைகள் வீட்டிலும் இருக்கப் போவதில்லை. மைதானத்திலும் கடற்கரையிலும் டியூஷனிலும் கூடுவார்கள். ஆசிரியர்களே பாதிப்பேர் படுத்துவிட்டால் மூடித்தான் ஆக வேண்டும். அதுவரை திறந்து வைத்து, நோயுள்ளவர்களை மட்டும் வீட்டில் வைக்கும் வழியே மேல்.

அதற்குப் பாடசாலையும் சில காரியம் செய்ய வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் சவர்க்காரம் தீராமல் இருக்க வேண்டும். மழை விட்டதும் யன்னல்கள் திறக்கப்பட வேண்டும். ஒரே வகுப்பில் ஒரே கிழமையில் பலர் வராவிட்டால் அதிபர் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ அறிவிக்க வேண்டும்; வளவில் தண்ணீர் தேங்கும் இடங்களையும் அவர்கள் அப்போதே பார்த்துவிடுவார்கள். வகுப்பில் சூடு காய்ந்த பிள்ளையைக் கூட்டிப்போகச் சொல்லித் தொலைபேசி எடுத்தால், “இன்னும் ஒரு மணி நேரம் வைத்திருங்கள் டீச்சர்” என்று பதில் வராதபடி பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

கூடவே, ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் கொடுக்கும் கிண்ணத்தை நிறுத்திவிடலாம். காய்ச்சலை மறைத்துக்கொண்டு அந்தக் கிண்ணத்துக்காகவே வரும் பிள்ளை பல வகுப்புகளில் உண்டு. அந்தப் பரிசை நன்றாகக் கை கழுவும் வகுப்புக்குக் கொடுத்தால் செலவும் கூடாது, விழாவும் குறையாது.